முட்டாத இடம்

குருநகர் ஐஸ் ஆலையில் விடியப்புறம் மூன்றரை.
தகர அச்சைக் கவிழ்க்க, கட்டி ஒன்று
பலகையில் வழுக்கி வந்து என் காலடியில் நிற்கிறது.
நடுவில் பால்நிறம். ஓரத்தில் ஒன்றுமே இல்லாததுபோல் தெளிவு.
தம்பியின் வள்ளத்துக்கு நான்கு கட்டி.
வாள் பிடிக்கும் எமிலியானுஸ் கேட்கிறார்:
"பிள்ளை, அங்க இது என்ன விலை?"

அங்கே யாரும் விற்பதில்லை, அண்ணை.
சும்மா கிடக்கிறது,
அடியில் நெருப்பை வைத்துக்கொண்டு.

யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது?
கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள்.
வெளிச்சவீட்டுக்குப் பூட்டு.
மிச்சம், தண்ணீர்த் தாங்கி.
நூற்றி முப்பத்தொரு படி, இருபத்தைந்து மீற்றர்.
காவலாளி கண்ணை மூடிக்கொண்ட மூன்று மாதம்
பதினைந்து கிலோ குத்தரிசியை முதுகில் கட்டி
ஏறினேன், இறங்கினேன்.
மலை ஆறாயிரம் என்றார்கள்.
பாண் சுற்றிவந்த கடதாசியில் பிரித்துப் பார்த்தேன்:
இருநூற்றி நாற்பது தாங்கி, ஒன்றின் தலையில் ஒன்று.
அம்மா சொன்னா: "விசர்.
ஏழு வருசம் நிலத்தைக் குனிஞ்சு பாத்தவள்
இப்ப வானத்தைப் பாக்கப் போறாளாம்."

ஏழு வருடம். முகமாலை.
முழங்காலில் நின்று, முகத்தைக் கண்ணாடித் தகட்டால் மூடி,
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு மண்.
கோல் சரிவாகப் போகவேண்டும்.
விரல் அதைத் தள்ளக்கூடாது, கேட்கவேண்டும்.
வேர் ஒரு விதமாய் முட்டும்.
கல் வேறு விதம்.
மற்றது முட்டுகிற விதத்தை
எனக்குச் சொல்லத் தெரியாது, கை அறியும்.
மேற்பார்வைக்கு வந்த சிலி நாட்டுக்காரி வெரோனிக்கா
ஒருநாள் மத்தியானம், தண்ணீர் குடிக்கும் நேரம்,
கைப்பேசியில் வெள்ளைக் கூம்பொன்றைக் காட்டி
"இங்கே உன் கை எனக்கு வேண்டும்" என்றாள்.
பகிடி என்று நினைத்தேன்.

கடைசி ஊருக்கு அப்பால் மூன்று நாள் கோவேறு கழுதை.
பிறகு கழுதையும் வராது.
காற்றில் கந்தகம்.
என் மூக்குக்கு அது பழக்கம்,
எங்கிருந்து என்று அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

இரவு ஒரு மணிக்குக் கயிறு பூட்டினோம்.
முன்னுக்கு நான், நடுவில் அவள்,
கடைசியில் கழுதைக்கார லவுத்தாரோ.
ஐந்தாயிரத்துக்கு மேல் மூச்சு
சங்கக்கடை மாவைப் போல,
வரிசையில் நின்றாலும் அளந்துதான் கிடைத்தது.
கோலைப் பனிக்குள் இறக்குவேன். முட்டும். ஓரடி.
இறக்குவேன். முட்டும். ஓரடி.
முகமாலையில் முட்டினால் மூச்சை நிறுத்துவோம்.
இங்கே முட்டினால்தான் மூச்சு.
ஏழு வருடம் பழக்கிய கையை
ஓரிரவில் தலைகீழாய்த் திருப்பிப்போட்டேன்.
அது முறைத்துக்கொண்டே கூட வந்தது.

கிழக்கு வெளுக்க, உச்சி தெரிந்தது.
புகை ஒருபக்கம் சாய்ந்திருந்தது.
இன்னும் ஏழு தாங்கி. கூடினால் எட்டு.

இறக்கினேன்.
முட்டவில்லை.
கோல் முடியும்வரை, தோள் பனியில் தொடும்வரை இறக்கினேன்.
இடது பக்கம். வலது பக்கம். பத்தடி தள்ளி.
பனி நல்லபிள்ளை மாதிரிக் கிடந்தது.
அந்த முகம் எனக்குத் தெரியும்,
தும்பை பூத்துக்கிடந்த காவலரண் மேட்டுக்கும் அதே முகம்.
"இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போமா?" என்றாள் வெரோனிக்கா.
லவுத்தாரோ தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டான்.
நான் முழங்காலில் இருந்தேன்.
பையில் ஒரு துண்டுச் சிவப்பு நாடா கிடந்தது,
ஏன் கொண்டுபோனேன் என்று கேளாதேங்கோ.
மூங்கில் குச்சியொன்றை நட்டு, அதைக் கட்டிவிட்டு
வந்த காலடிகளிலேயே இறங்கினோம்.

"உச்சிக்குப் போனனீயோ?"
மீன் சந்தையில் கேட்டார்கள். பூசை முடிந்து வாசலில் கேட்டார்கள்.
இல்லை.
"அப்ப என்னத்துக்கு அவ்வளவு காசு?"

ஐஸைச் சாக்கால் மூடித் தள்ளுவண்டியில் ஏற்றுகிறோம்.
இறங்குதுறைப் பாதையில் இரவு மழை தேங்கி
அடி தெரியாத ஓரிடம்.
தம்பி சளக்கென்று மிதித்துப் போய்விட்டான்.
நான் வள்ளத்துத் தடியை எடுத்துக் குத்துகிறேன்.
"அக்கா, முழங்கால் தண்ணி!" என்று சிரிக்கிறான்.

முட்டவேண்டும் என்று நிற்கிறேனா
முட்டக்கூடாது என்றா,
கைக்கு இப்போது தெரியாது.
ஐஸ் சொட்டிக்கொண்டிருக்கிறது.